பட்டன் தட்டுகிறவனா, பட்டன் செய்கிறவனா?



இந்த மலரின் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். திருமலை நேமிநாதர். பழைய காலத்துப் புத்தகங்களில் வருகிற செப்புத்தகட்டுப் படம் மாதிரி, வெறும் கறுப்புக் கோடுகளாலேயே முகம், தோள், கை எல்லாம் வந்திருக்கும். அதைச் செய்தவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அதை நான் இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை செய்தது தப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் கை தட்டிய பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது. அந்தத் தப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பேரவையின் கையிருப்பு ஒரு வண்ண அச்சுக்குத்தான் காணும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. எங்கள் ஊரான திருமலையில் அனுமதி வாங்கி, பாறையில் செதுக்கிய நேமிநாதரை செல்போனில் எடுத்து வந்தேன். அச்சகத்து அண்ணன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபோட்டோவை அப்படியே போட்டா இந்தப் பேப்பர்ல மை ஊறி முகமே கறுத்துடும் தம்பி. கோட்டுப் படமா கொடு, பளிச்சுன்னு வரும்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அச்சில் கறுப்பு மை மட்டும்தான். சாம்பல் நிறத்துக்குத் தனி மை கிடையாது. ஃபோட்டோவைப் புள்ளி புள்ளியாக உடைத்து, பெரிய புள்ளியைக் கருமையாகவும் சின்னப் புள்ளியை வெளிராகவும் நம் கண்ணை நம்ப வைக்கிறார்கள். தாள் மட்டமாக இருந்தால் புள்ளி ஊறிப் பெருத்து, பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். தெளிவான கோடு அவ்வளவு சுலபத்தில் கெடாது.

சரி, ஃபோட்டோவைக் கோடாக மாற்றுவது எப்படி? ஃபோட்டோஷாப்பில் 'ஆக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. வேறு மென்பொருள்களில் மேக்ரோ என்பார்கள், ஸ்கிரிப்ட் என்பார்கள். ஒருவர் ஒரு படத்துக்குச் செய்த வேலையைப் படிப்படியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அடுத்த படத்துக்கும் அதே படிகளைத் தானாக ஓட்டுவதுதான் அது. இலவசமாகக் கிடைத்த ஓர் 'எங்கிரேவிங்' ஆக்‌ஷனை இறக்கினேன். அதோடு ஒரு சின்னப் படக் கோப்பும் வந்தது. இன்ன இடத்தில் போட்டு வை என்று குறிப்பு இருந்தது. போட்டு வைத்தேன். பட்டனைத் தட்டினேன். பதினைந்து விநாடிகூட ஆகவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும், "செம மச்சி!"

அன்று ராத்திரி அப்பாவிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் நான் செய்கிற எதையும் அப்பாவிடம் காட்டுவது எனக்கு ரிசல்ட் பார்க்கிற மாதிரி. அப்பா ஆரணி முதலாளிகளிடம் பாவும் ஜரிகையும் வாங்கி வந்து பட்டுச் சேலை நெய்கிறவர். செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நல்லாத்தாண்டா இருக்குது. ஆனா நடு மார்புல ஒரு மேடு ஏறி இறங்குதே, சிலையில அது இல்லியே?"

"அது ஆக்‌ஷன் பண்றதுப்பா."

"யாரு பண்ணது?"

"ஆக்‌ஷன்பா. கம்ப்யூட்டர்."

"அதான் கேக்கறேன். எதுக்கு அப்படிப் பண்ணுச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படிக்கிறவன் நான். எட்டாவதோடு நின்ற அப்பா கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் படுத்தேன்.

கோடு என்ன சொல்கிறது?

முதலில் எங்கிரேவிங் என்றால் என்ன என்று பார்ப்போம். வழவழப்பான செப்புத் தகட்டில், கூரான எஃகு உளியால் கோடு கோடாகக் கீறுவார்கள். தகடு முழுக்க மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்து விட்டால், கீறலுக்குள் இருக்கும் மை மட்டும் தங்கும். ஈரமான தாளை வைத்து அழுத்தினால் அந்த மை தாளில் ஏறிக்கொள்ளும். ஆழமாகக் கீறினால் தடித்த கோடு, லேசாகக் கீறினால் மெல்லிய கோடு. வெளிச்சம், நிழல், உருண்டை, தட்டை எல்லாவற்றையும் அந்தத் தடிப்பை வைத்தும், கோடு வளைகிற விதத்தை வைத்தும்தான் காட்ட வேண்டும்.

1649-இல் பிரான்ஸ் நாட்டுக் கலைஞர் கிளாட் மெலான் இயேசுவின் முகத்தை ஒரே ஒரு கோட்டால் செதுக்கினார். மூக்கு நுனியில் ஆரம்பித்த கோடு சுருள் சுருளாகச் சுற்றி வெளியே போகிறது. எந்த இடத்திலும் வெட்டிக்கொள்வதில்லை. தடித்தும் மெலிந்தும் போகிற அந்த ஒற்றைக் கோட்டிலேயே கண், தாடி, நெற்றியில் வழிகிற ரத்தம் எல்லாம் வந்துவிடுகிறது!

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் 100 ரூபாய், 200 ரூபாய், 500 ரூபாய் நோட்டு இருந்தால் எடுங்கள். (மாசக் கடைசியாக இருந்தால் நண்பனிடம் கடன் வாங்குங்கள்!) காந்தி தாத்தாவின் படத்தின் மேல் விரலை மெதுவாக ஓட்டுங்கள். சொரசொரவென்று தட்டுப்படும். தகட்டின் பள்ளத்திலிருந்து மை தாளில் ஏறி மேடாக நிற்பதுதான் அது. கள்ள நோட்டுக்காரனுக்கு அது சுலபத்தில் கைவராது என்பதால் இன்னும் அந்த முறையை விடவில்லை. அடுத்து அவர் கன்னத்துக் கோடுகளைப் பாருங்கள். கன்னம் எப்படி உருண்டிருக்கிறதோ அப்படித்தான் கோடும் வளைகிறது.

கோடு வெட்டுவது நம் ஊருக்கும் புதிதல்ல. திருமலையில் ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை பெயரில் குந்தவை ஜினாலயம் இருக்கிறது. அங்குள்ள பாறையில் 11-ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று வெட்டப்பட்டது. ராஜேந்திரன் கங்கை வரை வென்ற நாடுகளைப் பட்டியல் போடுகிற கல்வெட்டு. கடைசியில் பார்த்தால், ஒரு வணிகரின் மனைவியான சாமுண்டப்பை கோவில் விளக்குக்குக் கொடுத்த கொடையைப் பற்றிய செய்தி! கல்வெட்டுத் துறையினர் ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். அதில் கல்லின் மேற்பரப்பு கறுப்பாகும், வெட்டிய எழுத்து வெள்ளையாக நிற்கும். செப்புத்தகட்டுக்கு நேர் எதிர். தகட்டுக்காரனாக இருந்தாலும் கல்தச்சனாக இருந்தாலும், ஒவ்வொரு கோடும் எதற்கு அங்கே இருக்கிறது என்று வெட்டினவனைக் கேட்டால் பதில் சொல்லியிருப்பான். எனக்குத்தான் பதில் இல்லை.

திறந்து பார்த்தேன்

மறுநாள் லேப்பில் அந்த ஆக்‌ஷனை ஓட்டாமல், ஒவ்வொரு படியாகத் திறந்து பார்த்தேன். பதினெட்டுப் படிகள். நிறத்தை எடுத்துக் கறுப்பு-வெள்ளை ஆக்குவது ஒன்று. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசத்தைக் கூட்டுவது ஒன்று. படுக்கைக் கோடுகளைப் பரப்புவது ஒன்று. இருட்டுக்குத் தகுந்தபடி கோட்டைத் தடிக்க வைப்பது ஒன்று. நடுவில் 'டிஸ்ப்ளேஸ்' என்று ஒரு படி. கோடுகளை வளைப்பது அதுதான். அதற்கு இன்னொரு படம், ஒரு மேடு-பள்ள வரைபடம் மாதிரி, வேண்டும். அந்தப் படத்தில் நடுத்தரச் சாம்பல் இருக்கும் இடத்தில் கோடு நகராது. அதைவிட இருண்ட இடத்தில் ஒரு பக்கமும், வெளிறிய இடத்தில் எதிர்ப்பக்கமும் தள்ளும்.

அது எந்தப் படத்தை எடுத்துக்கொள்கிறது என்று தேடினேன். ஆக்‌ஷனோடு வந்ததே ஒரு சின்னக் கோப்பு, அதைத்தான்! திறந்து பார்த்தால், மங்கலாக்கி வைத்த ஒரு வெள்ளைக்காரரின் முகம். அந்த ஆக்‌ஷனை முதலில் பதிவு செய்தவர் யாருடைய ஃபோட்டோவை வைத்துப் பதிவு செய்தாரோ, அந்த ஆள். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அது அந்த ஆளின் முகத்து மேடு பள்ளத்தையே நீட்டி விரித்து மேலே போர்த்துகிறது. அப்பா கண்டுபிடித்த மேடு என்ன தெரியுமா? யாரோ ஒருவருடைய மூக்கு, நம் நேமிநாதரின் மார்பில்!

சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. அப்பா கேட்டிராவிட்டால் அந்த மூக்கோடேதான் இந்த மலர் அச்சாகியிருக்கும்.

மேக்ரோ பிறந்த வீடு

இதை அப்பாவிடம் விளக்கியபோது அவர் ரொம்ப ஆச்சரியப்படவில்லை. "ஜக்கார்டு அட்டை மாதிரிதானடா. ஒரு டிசைனுக்கு அடிச்ச அட்டையை வேற கணக்குத் தறியில மாட்டினா கோணல்மாணலாத்தான் வரும்" என்றார்.

நண்பர்களே, இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். ஆரணி, எஸ்.வி. நகரம், தேவிகாபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சத்தம்தான். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது என்பதும் உங்களுக்குத் தெரியும். தறிக்கு மேலே ஒரு பெட்டி, அதில் துளை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கும். துளை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும், துளை இல்லாவிட்டால் தூக்காது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. இதற்கு மேலாக நாம் லேப்பில் படிக்கிற பைனரி என்ன?

பிரான்ஸின் லியோன் பட்டுநகரத்தைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு இந்தப் பெட்டியை 1804-இல் உருவாக்கினார். அவருக்கு முன்னால் 1725-இலேயே பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்தியிருக்கிறார். அதுவரைக்கும் பூ வேலைக்குக் கயிறு இழுக்கத் தனியாக ஒரு பையன் வேண்டும். அவன் மனசில் வைத்திருந்த வரிசையை அட்டை வாங்கிக்கொண்டது. பார்க்கப்போனால் உலகத்தின் முதல் மேக்ரோக்களில் ஒன்று பட்டுத் தறியில்தான் ஓடியது!

இன்னொரு விஷயம் கேளுங்கள். 1839-இல் லியோனில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். நெய்தவர் மிஷேல் மரி கார்க்கியா. அந்த ஒரு படத்துக்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள். கறுப்பு-வெள்ளை நூலில் நெய்த அந்தப் படம் அச்சு அசலாக எங்கிரேவிங் மாதிரியே இருந்தது. கம்ப்யூட்டரின் முன்னோடி என்று நாம் படிக்கிற சார்லஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அவர் வீட்டுக்கு வந்த வெலிங்டன் கோமகன்கூட அதை எங்கிரேவிங் என்றே நினைத்தாராம். பாபேஜ் தன் இயந்திரத்துக்குத் துளை அட்டை என்ற யோசனையை இந்தத் தறியிலிருந்துதான் எடுத்தார். ஏடா லவ்லேஸ் 1843-இல் அந்த இயந்திரத்தைப் பற்றி எழுதும்போது, தறி பூவும் இலையும் நெய்வது போல இது கணக்கை நெய்கிறது என்ற பொருளில் எழுதினார்.

எதற்கு இவ்வளவு சரித்திரம்? நம்மில் பலர், "எங்கப்பா தறிதான் நெய்றார்" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறோம். நானும் முதல் வருஷத்தில் அப்படித்தான் இருந்தேன். கம்ப்யூட்டர் என்பது தறியை விட்டு வெளியே வந்தவன் படிக்கிற படிப்பு என்று நினைத்தேன். அது தறிக்குள்ளேயிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆறு நாள் கூலி

பட்டனை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அட்டைப் படம் ஒரு சின்ன உதாரணம். மூக்கு இடம் மாறினால் மிஞ்சிப் போனால் நாலு பேர் சிரிப்பார்கள். போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை.

ஒரு கல்யாண ஆர்டர். முந்தியில் மாப்பிள்ளை-பெண் முகம் வர வேண்டும், பழைய கால எங்கிரேவிங் மாதிரி கோடு கோடாக, ஜரிகையில். டிசைன் போடும் இடத்தில் ஃபோட்டோவைக் கொடுத்தார்கள். அங்கே ஏதோ ரெடிமேட் ஃபில்டரை ஓட்டி, படுக்கைக் கோடுகளாக மாற்றி, அப்படியே அட்டை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். திரையில் பார்க்க ரொம்ப அழகு. நானே, "சூப்பரா இருக்குப்பா" என்றேன்.

அட்டை கோத்து, பெட்டியில் மாட்டி, கொக்கி சரிபார்த்து, நெய்ய ஆரம்பித்து நாலு விரல் அளவு வந்ததும் அப்பா நிறுத்திவிட்டார். தலைமுடி வருகிற இடத்தில் கோடுகள் தடித்துப் போயிருந்தன. திரையில் அது தடித்த கோடு. தறியில் அது அரை அங்குல நீளத்துக்கு எதிலும் பிடிக்காமல் மேலே தொங்கும் ஜரிகை. நடுநடுவே பாவு நூல் மேலே வந்து ஜரிகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடி எங்கேயும் இல்லை. வளையல் பட்டால் போதும், இழுத்துக்கொண்டு வந்துவிடும். இன்னொன்று, திரையில் ஒரு புள்ளி சதுரம். தறியில் ஓர் அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்ற கணக்கு வேறு வேறு. அந்தக் கணக்கைப் போடாததால் மாப்பிள்ளை முகம் இழுத்து விட்ட மாதிரி நீண்டிருந்தது. எங்கள் தறியில் இருப்பது 240 கொக்கிப் பெட்டி. செல்போன் படத்தில் குறுக்கே நாலாயிரம் புள்ளி இருக்கலாம். அதை 240-க்குள் அடக்கும்போது எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு மனுஷன்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அட்டைக்குக் கொடுத்த காசு போச்சு. ஆறு நாள் கூலி போச்சு. "கம்ப்யூட்டர்ல சரியாத்தான் வந்துச்சு" என்று மட்டும் பதில் வந்தது. அந்தப் பதில்தான் என்னை ரொம்ப உறுத்தியது. ஏனென்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நம்மை மாதிரி டிப்ளமோ படித்தவர். இன்னும் ஒரு வருஷத்தில் அந்த நாற்காலியில் நானோ நீங்களோ உட்காரப் போகிறோம். நாமும் ஒரு நெசவாளி முகத்துக்கு நேராக அதே பதிலைச் சொல்லப் போகிறோமா?

"அதான் ஏ.ஐ. இருக்கே!"

இதைச் சொன்னதும் ஹாஸ்டலில் பெரிய விவாதமே நடந்தது. "இதெல்லாம் பழைய கதைடா. இப்போ ஏ.ஐ. கிட்ட 'எங்கிரேவிங் மாதிரி மாத்து'ன்னு ஒரு வரி எழுதினா போதும், மேக்ரோவே தேவையில்லை" என்றான் ஒரு நண்பன். "கஸ்டமருக்கு அவசரம். கோடு ஏன் வளையுதுன்னு எவன் பார்க்கறான்?" என்றான் இன்னொருவன்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மறுக்கவில்லை. மேக்ரோ கூடாது என்று நான் சொல்லவே இல்லை. நூறு படத்துக்கு ஒரே வேலையைக் கையால் செய்வது முட்டாள்தனம். அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையில் ஆட்களின் முகத்தைப் புள்ளியும் கோடுமாக வரைந்து போடும் பழக்கத்தை 1979-இல் கெவின் ஸ்பிரௌல்ஸ் என்ற ஓவியர் கொண்டுவந்தார். ஒரு முகத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அந்தப் பத்திரிகையே 2019-இல் தன் வாசகர்களுக்காக ஏ.ஐ. மூலம் அப்படிப் படம் செய்து கொடுத்தது. அந்த ஏ.ஐ. எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது? ஓவியர்கள் பல வருஷம் கையால் வரைந்து குவித்த படங்களைப் பார்த்துத்தான்.

நம்மிடமும் அப்படி ஒரு சொத்து இருக்கிறது. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த ஓவியர் சில்பி கோவில் கோவிலாகப் போய், சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்து பேனாக் கோட்டால் வரைந்தவர். பழைய பைண்டு வால்யூம் கிடைத்தால் ஒரு படத்தையாவது உற்றுப் பாருங்கள். கல்லின் ஒவ்வொரு வளைவுக்கும் கோடு திரும்பும். ஃபோட்டோவைக் கோடாக்கும் மேக்ரோ எழுத நினைக்கிறவனுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது.

"எவன் பார்க்கறான்?" என்று கேட்ட நண்பனுக்கு ஒரு பதில். எட்டாவது படித்த எங்கப்பா பார்த்தார். முந்தியைத் தோளில் போடுகிற பெண் பார்ப்பாள். ஏ.ஐ. தப்புச் செய்தாலும் அதைத் தப்பு என்று சொல்ல ஒருத்தர் வேண்டும். அந்த ஒருத்தருக்குத்தான் நாளைக்குச் சம்பளம். பட்டனைத் தட்டுவதற்கு மட்டும் எதற்கு ஒரு டிப்ளமோக்காரன்? அதற்கு என் தங்கை போதும், அவளுக்கு வயசு எட்டு!

பேரவைக்கு ஒரு கோரிக்கை

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. என் யோசனைகளையும் வைக்கிறேன்.

ஒன்று: யாரோ எழுதிய மேக்ரோவை ஓட்டலாம், ஆனால் திறந்து பார்க்காமல் ஓட்ட மாட்டேன் என்று முடிவெடுப்போம். ஒவ்வொரு படியும் என்ன செய்கிறது, எந்த எண் எதற்கு என்று ஒரு தாளில் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத படிதான் நமக்குத் தெரியாத படி.

இரண்டு: ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஃபோட்டோஷாப் வாங்க வசதி இல்லையென்றால் கிம்ப் இலவசம். 1996-இல் அதை வெளியிட்டவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இரண்டு மாணவர்கள்! அதில் 'எங்கிரேவ்' என்ற பெயரிலேயே ஒரு ஃபில்டர் இருக்கிறது. படுக்கைக் கோடுகளாகத்தான் போடும், வளைக்காது. அதில் என்ன குறை என்று கண்டுபிடித்து, ஸ்கிரிப்ட் எழுதி நாமே சரி செய்யலாம்.

மூன்று: படம் கடைசியில் எதில் போய் நிற்கப் போகிறது என்று முதலிலேயே கேளுங்கள். தாளா, பட்டா, கல்லா, செல்போன் திரையா? ஒவ்வொன்றுக்கும் கோட்டின் கணக்கு வேறு.

நான்கு: இது பேரவைக்கு. அடுத்த ஆண்டு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்று வையுங்கள். முதல் நாள் லேப்பில் மேக்ரோ எழுதுவோம். இரண்டாம் நாள், நம் மாணவர்கள் வீட்டுத் தறிக்காரர்கள் இரண்டு பேரை மேடைக்கு அழைத்து, ஜக்கார்டு அட்டை எப்படி அடிக்கிறார்கள், எங்கே நூல் தொங்கும், எங்கே பிடிக்கும் என்று சொல்லித்தரச் செய்வோம். அவர்களுக்கு மாலை போட்டு அனுப்பினால் போதாது. ஒரு நாள் தறியை நிறுத்தி வருகிறவர்களுக்கு அந்த நாள் கூலியையும் பேரவை கொடுக்க வேண்டும். லியோன் பட்டு நெசவாளர்கள் கூலிக்காக 1831-லும் 1834-லும் வீதியில் இறங்கியவர்கள். அந்தக் கதை மாணவர் பேரவைக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதானே?

கடைசியாக அட்டைப் படத்துக்கு வருகிறேன். அந்த ஆக்‌ஷனைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே ஒன்று எழுதினேன். யாருடைய முகமும் இல்லாமல், கொடுக்கிற ஃபோட்டோவையே மங்கலாக்கி, அதையே மேடு-பள்ள வரைபடமாகச் சேமித்துக்கொள்கிற மாதிரி மாற்றினேன். நிழல் விழும் இடத்தில் மட்டும் இரண்டாவது வரிசைக் கோடு குறுக்கே ஓடும். அச்சகத்து அண்ணனிடம் கேட்டு, அங்குலத்துக்கு 50 கோட்டுக்கு மேல் போகவில்லை. பதினைந்து விநாடி வேலைக்கு ஒன்பது சாயங்காலம் ஆனது. அந்த மேக்ரோ இப்போது லேப்பில் நாலாவது கம்ப்யூட்டரில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திறந்து பாருங்கள். தப்பு இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

புதுப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். தறிக் குழியில் கால் வைத்தபடியே வாங்கிப் பார்த்தார்.

"இந்தத் தோள்கிட்ட கோடு ஏன் இப்படித் திரும்புது?"

"கல்லு அங்க உருண்டு பின்னாடி போகுதுப்பா. நிழல் அங்கதான் ஆரம்பிக்குது. அதான் கோட்டைத் தடிப்பாக்கி வளைச்சிருக்கேன்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. செல்போனை என் கையில் கொடுத்துவிட்டு நாடாவை எடுத்துக்கொண்டார். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை